பழைய நகலில் வந்த வரன்

வரன் பார்த்துக் கொடுக்கும் ஆபீஸில் கல்யாணமாகாத ஒரு பெண்ணுக்கு வேலை என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கு அது பழகிவிட்டது. பூசை முடிந்து மாதா கோயிலைவிட்டு வெளியே வரும்போது, "ஊருக்கெல்லாம் பாத்துக் குடுக்கிறே, உனக்கு ஒண்ணு எடுத்து வச்சுக்கக் கூடாதா?" என்று கேட்கிறவர்களுக்குத் தலையை ஆட்டிவிட்டு நடக்கக் கற்றுக்கொண்டேன். அதற்கெல்லாம் கூசாத எனக்கு, போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை வந்த கூச்சம் இன்னும் உடம்பைவிட்டுப் போகவில்லை.

எங்கள் ஆபீஸ் மூணாறு டவுனில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மலையிலும், பாலக்காட்டுக்குக் கிழக்கே உள்ள ஊர்களிலும் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கான கல்யாணத் தகவல் மையம். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் அதை நடத்துகிறார். எந்த எஸ்டேட்டில், எந்த லயத்து வரிசையில், யார் வீட்டில் பெண் இருக்கிறது, பையன் இருக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் வரமாட்டார். அது என் பொறுப்பு. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்த பெண் என்று சொல்லித்தான் என்னை வேலைக்கு எடுத்தார்.

நாங்கள் சர்வர் என்று சொல்வது பீரோவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியை. பதிவு செய்தவர்களின் வயது, படிப்பு, வேலை, போட்டோ, வீட்டார் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் அதிலுள்ள டேட்டாபேஸில் இருந்தன. திங்கள்தோறும் காலையில் ஒரு ப்ரோக்ராம் தானாக ஓடும். யாருக்கு யார் பொருந்துவார் என்று பார்த்து இரண்டு வீட்டுக்கும் போட்டோ, குறிப்பு, போன் நம்பரோடு மெசேஜ் அனுப்பும். ஒருமுறை அனுப்பிய ஜோடிக்கு மறுபடி அனுப்பாது. நான் எழுதிய ப்ரோக்ராம்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஐப்பசி மழையோடு ஒரு நாள் மத்தியானம் இடி இறங்கியது. டவுனில் பல வீடுகளில் டிவி போயிற்று. எங்கள் சர்வரும் போயிற்று. மூடியைக் கழற்றியபோது கருகிய வாசனை வந்தது. தினமும் எடுக்கும் பேக்கப் இரண்டாவது டிஸ்கில் இருந்தது. அந்த டிஸ்கும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. அப்படி வைத்தது நான்தான். வெளியில் ஒரு நகல் வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன்.

டீச்சர் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் போச்சா?"

"எழுதிக் குடுத்த ஃபாரம் எல்லாம் பீரோவுல இருக்கு டீச்சர். மறுபடி அடிச்சிரலாம்."

"அத்தனையுமா? நீ அடிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த பெருநாளே வந்துரும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்று சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் கொழிஞ்சாம்பாறை நினைவுக்கு வந்தது.

சில வருஷங்களுக்கு முன்பு, பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பங்களுக்காக டீச்சர் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கிளை ஆபீஸ் திறந்தார். அங்கேயும் ஒரு சர்வர் தனியாக ஓடட்டும் என்று, இங்கிருந்த டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே ஒரு டிஸ்கில் எடுத்துக்கொண்டு போய் அங்கே போட்டேன். அந்த ஏற்பாடு ஒரு வாரம்கூட ஓடவில்லை. கிளையும் நெட் வழியாக எங்கள் சர்வரிலேயே வேலை பார்க்கத் தொடங்கியது. அந்தப் பெட்டி அங்கேயே கிடந்தது.

கிளையைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்குப் போன் செய்தேன். என்னைவிடச் சின்னவன், தம்பி என்றுதான் கூப்பிடுவேன், கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது.

"ஏனுங்க்கா, அந்தப் பழைய பொட்டியா? பிரிண்டருக்கு அடீல கெடக்குதுங்க. ஆரும் தொடறதில்லீங்க."

"ஆன் ஆகுமா, பாரேன்."

போனைக் கீழே வைத்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் கத்தினான்: "ஆகுதுங்க்கா! ஃபேன் சுத்துற சத்தம் கேக்குதுங்க!"

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். மறையூர் இறங்கி, காட்டைத் தாண்டி உடுமலை, அங்கிருந்து பொள்ளாச்சி, அப்புறம் கொழிஞ்சாம்பாறை. கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக எங்களுக்குத் தமிழ்நாடு வழியாகத்தான் சுலபம். அந்தத் தம்பியின் மனைவி சோறு போட்டாள், அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்புகளை எடுத்தால் பாதி எழுதியதும் எழுதாததுமாக வரும். அதனால் அதை நிறுத்திவிட்டு, ஃபோல்டர் முழுவதையும் டிஸ்கில் எடுத்தேன். சனிக்கிழமை மத்தியானம் மூணாறு வந்து சேர்ந்தேன். டீச்சர் புதுப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

முதலில் எங்கள் டேட்டாபேஸ் பெயர் போட்ட ஃபோல்டரை மட்டும் புதுப் பெட்டியில் போட்டு ஓடவிட்டேன். ஓடவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான பெரிய கோப்பு ஒன்று அந்த ஃபோல்டருக்கு வெளியே இருக்கும். அது இல்லாமல் டேட்டாபேஸ் தன் சொந்தத் தகவலையே அடையாளம் கண்டுகொள்ளாது. நல்லவேளையாக முழுவதையும் எடுத்து வந்திருந்தேன். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து, கோப்புகளைத் திறக்கும் உரிமையை மாற்றிக் கொடுத்து, மறுபடி ஓடவிட்டேன். ஓடியது.

பதிவுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தபோது டீச்சர் கைதட்டினார். "கெட்டிக்காரிடி நீ!" என்றார். பழைய நகல்தான், நடுவில் வந்தவர்களை எல்லாம் ஃபாரத்தைப் பார்த்து அடிக்க வேண்டும், கல்யாணம் முடிந்தவர்களை எல்லாம் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். அது திங்கட்கிழமை தொடங்கலாம் என்றார். வேலை முழுசாக முடிந்துவிட்டது என்று காட்டும் ஆசையில், மெசேஜ் போகும் இணைப்பையும் அன்றைக்கே போட்டேன். டீச்சர் போனுக்கு ஒரு சோதனை மெசேஜ் அனுப்பிக் காட்டினேன். அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

நானும் போயிருக்க வேண்டும். போகாமல் உட்கார்ந்து, தேடும் கட்டத்தில் என் பெயரை அடித்தேன்.

வந்தது.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். கொழிஞ்சாம்பாறைக் கிளை திறந்த வருஷம், நான் காய்ச்சலில் லீவு போட்டிருந்த ஒரு நாளில், அப்பா மாடியேறிப் போய் மற்றவர்களைப்போல வரிசையில் உட்கார்ந்து, என்னைப் பதிவு செய்துவிட்டு வந்தார். மறுநாள் வேலைக்குப் போய், கம்ப்யூட்டரில் ஏற்றப் புது ஃபாரங்களை எடுத்தால் என் போட்டோ. யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்தது. கீழே வீட்டார் குறிப்பு என்ற இடத்தில் அப்பா எழுதியிருந்தார்: "பெண் அதிகம் பேசாது. நிபந்தனை எதுவும் இல்லை. மறுமணம் என்றாலும் பரவாயில்லை."

அன்றைக்கு அதைப் படித்துவிட்டுக் கழிவறைக்குள் போய் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் அதை ஒதுக்கவில்லை, மற்றவர்களோடு சேர்த்து ஏற்றினேன். அந்த வாரம்தான் கோப்புகளைக் கொழிஞ்சாம்பாறைக்குக் கொண்டுபோனேன். மடியில் வைத்திருந்த டிஸ்கில் நானும் இருந்தேன். அதற்கு அடுத்த திங்கட்கிழமை என் ப்ரோக்ராமே எனக்கு ஒரு வரன் கண்டுபிடித்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர், கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை.

அவர் தன் அம்மாவோடும் மாமாவோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். டீ போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. நான் அடுப்பு வெளிச்சத்தில் டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து அடுக்களை வாசலில் வந்து நின்று, போன் டார்ச்சை எனக்குப் பிடித்தார். எல்லா டம்ளரிலும் ஊற்றி முடிக்கும்வரை கை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். "சூடுங்க, பாத்து," என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. அதை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் காத்திருந்தேன். பிறகு டீச்சர் என்னைப் பார்க்காமல் பைலைப் புரட்டிக்கொண்டே, "அவங்க வேற எடத்துல முடிவு பண்ணிட்டாங்களாம்," என்றார்.

அன்று சாயங்காலம் என் பதிவை நானே அழித்தேன். டீச்சரிடம், இனி எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். அப்பாவிடம் சொல்லவில்லை. "ஆபீஸ்ல நமக்கு ஏதாச்சும் வந்துச்சா பாப்பா?" என்று அவர் எப்போதாவது கேட்பார். "இல்லப்பா," என்பேன். அது பொய்யும் இல்லை. கொஞ்ச காலத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை என் பதிவைப் பார்த்த பிறகு, டார்ச் பிடித்தவருடைய பதிவையும் திறந்தேன். நிலை என்ற கட்டத்தில் "திருமணமாகாதவர்" என்று இருந்தது. அவருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருப்பது எனக்குத் தெரியும். அந்தக் கல்யாணத் தகவலை அடித்ததே நான்தான். ஆனால் அந்த நகலில் அவர் இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கரண்ட் போகவில்லை. யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பதிவையும் அப்போதே எடுத்திருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. மற்றவர்களோடு சேர்த்துத் திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிவிட்டுப் பெட்டியை ஓடவிட்டே பூட்டிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசையிலும் அந்தப் பக்கம்தான் கண்ணுக்குள் இருந்தது. இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

திங்கட்கிழமை நான் மாடியேறும்போதே உள்ளே போன் அடிப்பது கேட்டது. எடுத்தால், மறையூரிலிருந்து ஒருவர்.

"என்னம்மா, என் மகளுக்கு மாப்பிள்ளை வந்திருக்குன்னு மெசேஜ் வந்திருக்கு? அவ புள்ளையப் பெத்துட்டு ஆஸ்பத்திரியில கெடக்கா!"

அவரிடம் மன்னிப்புக் கேட்டு வைப்பதற்குள் அடுத்த போன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ப்ரோக்ராமை நான் டேட்டாபேஸுக்குள்ளேயேதான் எழுதி வைத்திருந்தேன். கோப்புகளை அப்படியே அள்ளிக்கொண்டு வந்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது. திங்கட்கிழமை காலையானதும் அது எழுந்து, தனக்குத் தெரிந்த உலகத்தில் யாருக்கெல்லாம் இன்னும் சொல்லவில்லையோ அவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டது. கல்யாணமானவர்கள், பிரிந்தவர்கள், வெளிநாடு போனவர்கள், எல்லோருக்கும்.

ஓடிப்போய் நிறுத்தினேன். போனவற்றைத் திரும்பக் கூப்பிட முடியாது. போனவற்றின் பட்டியலைத் திறந்தேன். என் பெயரும் அவர் பெயரும் ஒரே வரியில் இருந்தன. எங்கள் வீட்டுப் போன் என்று அப்பாவின் நம்பர்தான் பதிவில் இருந்தது. அப்பாவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தபோதே ஆபீஸ் போன் மறுபடி அடித்தது.

"ஏனுங்க, கல்யாண ஆபீஸுங்களா?" ஒரு பெண்ணின் குரல்.

"ஆமாங்க."

"என்ற ஊட்டுக்காரருக்குப் பொண்ணு பாத்து அனுப்பியிருக்கறீங்களே, எதுக்குங்க?"

ஊர் எது என்று நான் கேட்கவில்லை. பேச்சிலேயே தெரிந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் பல வீடுகளுக்கு மெசேஜ் போயிருந்தது. வேறு யாராவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே, "மன்னிச்சிருங்கம்மா, கம்ப்யூட்டர்ல தப்பாயிருச்சு. பழைய டேட்டா..." என்று தொடங்கினேன்.

"பொறுங்க. வாசிக்கறேன், கேளுங்க." அவர் கோபத்தோடு வாசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "பெண் அதிகம் பேசாது. நிபந்தனை எதுவும் இல்லை. மறுமணம் என்றாலும் பரவாயில்லை." பிறகு சொன்னார்: "மறுமணமாங்க? நான் உசுரோடதானுங்க இருக்கறேன். ரெண்டு கொழந்தைக இருக்குதுங்க."

அந்த வரிகளை நான் மனசுக்குள்தான் படித்திருந்தேன். இன்னொருத்தர் வாயால் கேட்டபோது, அப்பா எப்படி யோசித்து யோசித்து எழுதியிருப்பார் என்பதும், கேட்கிறவர்களுக்கு அது எப்படி ஒலிக்கும் என்பதும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன.

"அந்தப் பொண்ணு வீட்டுக்கும் இதெல்லாம் தெரியாதும்மா. அவங்க மேலயும் தப்பில்ல," என்றேன்.

"தெரியாதுங்களா? அவுங்கப்பா காத்தாலயே போன் பண்ணிட்டாருங்களே."

நான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினேன்.

"அவரு குளிச்சிட்டிருந்தாருங்க. நான்தான் எடுத்தேன். தம்பி இருக்காரா, மனசு மாறுனதுக்கு ரொம்ப சந்தோஷம், எப்ப வந்தாலும் நாங்க தயாரு, அப்படீன்னாருங்க. எனக்கு ஒண்ணும் புரியலீங்க. நான் அவரு சம்சாரமுங்கன்னு சொன்னப்புறம் அந்தப் பெரியவரு தடுமாறிப் போயிட்டாருங்க. மன்னிக்கோணும்னு எத்தன வாட்டி சொன்னாருன்னு எனக்கே தெரியாதுங்க. அவரு மக அங்கதான் கம்ப்யூட்டர் பாக்குதுன்னு முதல்லயே பெருமையாச் சொன்னாருங்க."

செருப்புக் கடையில் யாரோ பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த சத்தம் கீழேயிருந்து வந்தது.

"ஏனுங்க," என்றார் அவர், முன்னைவிடத் தணிந்த குரலில். "நீங்கதானுங்களா அது?"

வேறு யாரோ என்று சொல்லியிருக்கலாம். "ஆமாங்க," என்றேன்.

அவர் ஏதாவது பேசுவார் என்று காத்திருந்தேன். என்ன சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். பிறகு, "செரிங்க, வெச்சரட்டுங்களா," என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

டீச்சர் வந்தபோது நான் முகத்தைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். மற்றவர்களுக்கு மெசேஜ் போனதை எல்லாம் சொன்னேன். இந்தப் போனைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் நான் அச்செடுத்து வைத்திருந்த பட்டியலை வாங்கி விரலால் தடவிக்கொண்டே வந்தவர், ஒரு வரியில் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு விரலைக் கீழே நகர்த்தினார். "ஒவ்வொரு வீட்டுக்கா கூப்பிட்டு மன்னிப்புக் கேப்போம். நீ பாதி, நான் பாதி," என்றார். அந்த வரி அவருடைய பாதியில் வரும்படி கோடு போட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. போனேன். அப்பா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். காலையில் போன் செய்வதற்கு முன்னால் போட்டிருப்பார்போல, மாற்றவில்லை.

"என்ன பாப்பா, மேலுக்கு முடியலையா? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே," என்றார்.

"ஒண்ணும் இல்லப்பா. காலையில யாருக்காவது போன் பண்ணுனீங்களா?"

"இல்லையே." ரேடியோவைத் திருகினார். "ஒண்ணு ராங் நம்பர் போயிருச்சு."

நான் டீ போட்டுக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் குடித்தோம். அவரே அப்படியே விட்டுவிட விரும்புகிறார், நானும் விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அவர் பார்வை பெஞ்சில் கிடந்த போன் மேலேயே இருந்தது. இன்னும் ஏதோ வரும் என்பதுபோல.

"அப்பா, அது பழைய டேட்டா. இடியில சர்வர் போச்சுல்ல, கொழிஞ்சாம்பாறையில கெடந்த பழைய ஃபைலக் கொண்டுவந்து போட்டேன். அதுல எல்லாரும் பழையபடி இருந்தாங்க. அதுதான் மெசேஜ் வந்துச்சு. அவரு மனசு மாறலப்பா."

"பழசா?"

"ஆமா."

"நான் புதுசுன்னு நெனச்சேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் புள்ள கோவமாப் பேசலம்மா. நல்ல புள்ளதான். எனக்குத்தான் என்ன பேசுறதுன்னு தெரியல." ரேடியோவை அணைத்துவிட்டு, "இத்தன வருஷமா ஒண்ணுமே வரலையா, இன்னைக்கு வந்ததும் அவசரப்பட்டுட்டேன்," என்றார்.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"வராதுப்பா. நான் என் பேர எடுத்துட்டேன். அவங்க வந்துட்டுப் போனதுமே எடுத்துட்டேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கணக்குப் போடுகிற மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"அப்போ இத்தன நாளும் அதுல உன் பேரு இல்லையா?"

"இல்லப்பா."

"போன வருஷம் புதுப் போன் எடுத்தப்ப, கடைக்காரன் வேற நம்பர் தர்றேன், நெறைய நெட் கெடைக்கும்ன்னான். நான் மாத்தலம்மா. ஆபீஸ்ல இந்த நம்பர்தான குடுத்திருக்கோம், கட் ஆயிரக் கூடாதுன்னு."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவர் பின்னால் வந்து வாசலில் நின்றார். "சொல்லியிருக்கலாம்ல பாப்பா," என்றார். குரலில் குறை இல்லை. "சொல்லியிருந்தா அந்தப் புள்ள கிட்ட அப்படிப் பேசியிருக்க மாட்டேன்ல." பிறகு போய்ச் சட்டையை மாற்றினார்.

அந்த வாரம் முழுவதும் போன் செய்தோம். ஆனைக்கரையில் ஒரு வீட்டில், கணவனைப் பிரிந்து வந்த பெண்ணே எடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டதும் சிரித்தாள். "வந்தது வந்துச்சு, கொஞ்சம் நல்லவனா இருக்கக் கூடாதா?" என்றாள். போடிமெட்டுப் பக்கம் ஏலத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர், "மெசேஜ் தப்புன்னா தப்பா இருக்கட்டும் மேடம், ஆனா என் பேர எடுத்துராதீங்க. எனக்கு இன்னும் ஆகல," என்று மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் யாரோ இருந்திருப்பார்கள். சில பேர் திட்டினார்கள். அவர்களிடம் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

டீச்சர் தன்னுடைய பாதியை முடித்துவிட்டார். அந்த ஒரு வீட்டுக்குப் பேசியபோது என்ன சொன்னார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "உன்னோட பதிவ என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டார். அப்பாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

அப்பாவிடம் கேட்டேன். "உன் இஷ்டம்மா. எடுக்கிறதா இருந்தா எடு. ஆனா எடுத்தேன்னு சொல்லிரு," என்றார். எடுத்தேன். அன்றைக்கே சொன்னேன். "சரி," என்றார்.

இப்போது பேக்கப் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று கொழிஞ்சாம்பாறைக் கிளையில். அது ஒழுங்காகப் பதிவாகிறதா என்று பார்க்க நான் அவ்வப்போது அங்கே போய்வர வேண்டியிருக்கிறது. அந்தத் தம்பியே பார்த்துக்கொள்வான்தான். ஆனால் இனி இந்த வேலையை இன்னொருவர் பொறுப்பில் விட எனக்கு மனம் வராது. போகிற நாளில் பொள்ளாச்சி தாண்டியதும் துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறேன். அன்றைக்குப் போனில் பேசிய அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. அவருக்கு என் முகம் தெரியும். மெசேஜில் என் போட்டோ போயிருந்தது. எனக்குக் குரல் மட்டும்தான். அந்த ஊரிலோ எல்லாப் பெண்களும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

போன மாதம் திரும்பி வரும்போது, பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றார். "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்," என்றார். நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, வெளியே பார்த்தபடி உட்கார்ந்தேன். சின்னவன் என் மடியில் கால் வைத்து ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்தான். "டேய், அக்கா மேல மெதிக்காத," என்று அவர் அதட்டினார். பரவாயில்லை என்று சொல்லத் திரும்பவேண்டியிருந்தது. திரும்பினேன். அவர் என்னைப் பார்த்துச் சாதாரணமாகச் சிரித்தார். வேறு யாரோதான்.